நெருப்பைச் சுற்றி நிற்பவர்களும் நிற்காதவர்களும்

தென்னாப்பிரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்தக் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் விறகுப் புகையும் கொழுப்பு பொசுங்கும் மணமும் எதிரே வரும். திறந்தவெளியில் தணல் போட்டு இறைச்சி சுடும் இந்த வழக்கத்தை அங்கே பிராய் என்கிறார்கள். டர்பன் கடற்கரையிலும், ஜோகன்னஸ்பர்க் வீடுகளின் பின்கட்டிலும், கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களின் ஓரத்திலும் அது நடக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் போய் 1860 நவம்பரில் டர்பனில் இறங்கிய கூலித் தொழிலாளர்களின் வழிவந்த தமிழர்களும் அந்த நெருப்பருகே நிற்கிறார்கள். ஆகவே தூரதேசத்து விருந்து என்று இதை நாம் ஒதுக்கிவிட முடியாது.

பிராயைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று இறைச்சியைப் புகழும். மற்றொன்று புகையைப் பழிக்கும். இரண்டுமே பாதி உண்மைதான். இந்த வழக்கத்தின் நன்மையும் தீமையும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. திறந்த நெருப்பு தன்னைச் சுற்றி நிற்பவர்களுக்கு ஓய்வையும் உறவையும் தருகிறது. அதற்கான விலையைப் பெரும்பாலும் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் கொடுக்கிறார்கள். அடுக்களையில் நிற்பவர், அடுத்த வீட்டுக்காரர், காடு, கரி சுடும் கூலியாள் என்று அந்தப் பட்டியல் நீளும். வட்டத்துக்குள் கிடைப்பதையும் வெளியே இழப்பதையும் சேர்த்து எடை போட்டால்தான் மதிப்பீடு நேர்மையாக இருக்கும்.

காத்திருப்பின் அருமை

பிராயின் முதல் சிறப்பு, அதை அவசரப்படுத்த முடியாது என்பது. எரியும் சுவாலையில் இறைச்சியை வைத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். விறகு முழுதும் எரிந்து, கங்காகி, மேலே சாம்பல் பூக்க ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். சூடு பதமா என்று பார்க்கக் கம்பிவலைக்கு மேலே உள்ளங்கையை நீட்டி எண்ணுகிறார்கள். சட்டென்று கையை இழுக்க நேர்ந்தால் சூடு அதிகம். நெடுநேரம் தாங்கினால் இன்னும் கங்கு வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள்கூடக் கையைத்தான் நம்புகிறார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் விருந்தாளிகளுக்கு வேலை ஏதுமில்லை. நிற்கிறார்கள், பேசுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் யார் பக்கத்தில் யார் என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிடும். நெருப்பருகே அப்படி இல்லை. ஒருவர் நகர்வார், இன்னொருவர் அந்த இடத்துக்கு வருவார். அதிகம் பேசாதவர்கள்கூடத் தணலைப் பார்த்தபடி சங்கடமில்லாமல் மௌனமாக நிற்கலாம். முகம் பார்த்துப் பேச முடியாத விஷயங்களை நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசிவிடலாம். அப்பாவும் வளர்ந்த மகனும் அருகருகே நின்று பேசிக்கொள்ள இதைவிட நல்ல இடத்தை நான் அறியேன்.

அழைப்பவருக்குச் செலவு குறைவு என்பது அடுத்த நன்மை. அவரவர் இறைச்சியையும் பானத்தையும் அவரவரே கொண்டுவருவது அங்கே இயல்பான ஏற்பாடு. அழைத்தவர் இடமும் நெருப்பும் தந்தால் போதும். கடன் வாங்கி விருந்து வைக்கும் நிர்ப்பந்தம் இல்லாததால்தான் சாதாரணச் சம்பளக்காரரும் மாதம் ஒருமுறை நண்பர்களைக் கூப்பிட முடிகிறது. மின்வெட்டு நாட்டையே உலுக்கிய ஆண்டுகளில் இதே நெருப்புதான் பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டையும் காப்பாற்றியது.

தணலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உணவு உண்டு. சூடு உச்சத்தில் இருக்கும்போது ஆட்டு விலாத்துண்டுகள். சற்றுத் தணிந்ததும் சுருள் சுருளாகக் கிடக்கும் பூரவோர்ஸ் என்ற கொத்துக்கறிக் குழல். கடைசியில், அணையப்போகும் கங்கின் மேல், தக்காளியும் வெங்காயமும் பாலாடைக்கட்டியும் சட்னியும் வைத்து மூடிய ரொட்டி. அது நிதானமாக வாட வேண்டும். சூடு வீணாகாத இந்த ஒழுங்கை யாரும் புத்தகத்தில் படித்துக் கற்றதில்லை. பார்த்துப் பார்த்து வந்தது. பூரவோர்ஸின் தரத்தை நாட்டின் சட்டமே காக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இறைச்சி இருக்க வேண்டும். கொழுப்பு முப்பது பங்கைத் தாண்டக் கூடாது. குடல், ஈரல் போன்றவற்றைக் கலக்கக் கூடாது. ஏழை வாங்கும் பண்டத்தில் கலப்படம் கூடாது என்று ஓர் அரசு கவலைப்படுவது பாராட்டத்தக்கது.

ஒரே தணலில் பல வரலாறுகள்

சுவைக்கு எளிய காரணங்கள் உண்டு. அதிகச் சூட்டில் இறைச்சியின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகி, நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. உருகிச் சொட்டும் கொழுப்பு கங்கில் பட்டுப் புகையாகி மீண்டும் இறைச்சியில் படிகிறது. சுவையின் வேதியியல் இவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்பிவலைமேல் என்னென்ன கிடக்கின்றன என்று பார்த்தால் ஒரு நாட்டின் வரலாறே விரியும்.

கேப் பகுதியின் சொசாட்டி, கறித்துண்டுகளையும் உலர்ந்த பாதாமிப்பழத்தையும் குச்சியில் கோத்து, மசாலாவில் ஊறவைத்துச் சுடுவது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அடிமைகளாகக் கொண்டுபோன மக்களின் கைப்பக்குவம் அது. அவர்களில் ஜாவா, சுமத்ரா தீவுக்காரர்கள் மட்டும் இல்லை. வங்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் பிடித்துப் போனவர்களும் இருந்தார்கள். மேற்குக் கடலோரத்தில் ஸ்னூக் மீனைப் பிளந்து, வெண்ணெயும் பழப்பாகும் தடவிச் சுடுகிறார்கள். டர்பனில் இந்திய வம்சாவளியினர் விலாத்துண்டில் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் அரைத்துப் பூசுகிறார்கள்.

கறுப்பின மக்களின் நகரியங்களில் ஷிசா நியாமா இருக்கிறது. கறிக்கடையில் வேண்டிய துண்டைத் தேர்ந்தெடுத்துக் காசு கொடுத்தால், பின்னாலேயே சுட்டுத் தருவார்கள். மக்காச்சோளக் களியும் சக்கலக்கா என்ற காரமான காய்கறித் தொக்கும் தொட்டுக்கொள்ள, பாட்டு முழங்க, முன்பின் அறியாதவர்களோடு ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிடலாம். வீட்டுப் பிராய்க்கு முற்றம் வேண்டும், வேலி வேண்டும், அழைப்பு வேண்டும். ஷிசா நியாமாவுக்கு இவை ஒன்றும் வேண்டாம். அதனால் இதை நான் உயர்வாக மதிக்கிறேன். சுடுபவருக்கு அங்கே கூலியும் உண்டு. வீட்டில் இந்த வேலைக்குக் கூலி கிடையாது.

செப்டம்பர் 24-இன் கேள்வி

செப்டம்பர் 24 தென்னாப்பிரிக்காவில் மரபு நாள், அரசு விடுமுறை. முன்பு நட்டால் பகுதியில் சூலு மக்கள் மன்னர் ஷாகாவை நினைவுகூரும் நாளாக இது இருந்தது. நிறவெறி ஆட்சி முடிந்த பின் விடுமுறைப் பட்டியலில் இடம்பெறாமல் போகவே எதிர்ப்பு எழுந்தது; எல்லா மக்களின் மரபையும் கொண்டாடும் நாள் என்று பெயர் மாற்றி, இணக்கம் கண்டார்கள். 2005-இல் ஜான் ஸ்கேனல் என்பவர் அந்த நாளில் நாடு முழுதும் தணல் மூட்டவேண்டும் என்று இயக்கம் தொடங்கினார். 2007-இல் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு அதன் புரவலரானார். மொழியாலும் நிறத்தாலும் பிரிந்து கிடக்கும் நாட்டில் எல்லோரும் செய்யும் ஒரு காரியம் உண்டென்றால் அது இதுதான் என்பது இயக்கத்தின் வாதம்.

வாதத்தில் வலு இருக்கிறது. 1953-இன் தனி வசதிச் சட்டத்தால் கடற்கரையும் பூங்காவும் நிறவாரியாகப் பங்கிடப்பட்டிருந்தன. நல்ல மணற்கரை, நல்ல நிழல், கல்லடுக்கிய சுடுமேடை எல்லாம் வெள்ளையருக்கு. அந்தச் சட்டம் 1990-இல்தான் நீங்கியது. இன்று டர்பன் கடற்கரையில் யாரும் எங்கும் நெருப்பருகே நிற்கலாம் என்ற நிலையை, அதற்காகச் சிறை சென்றவர்களின் நாட்டில், சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது.

எதிர்வாதத்திலும் வலு குறைவில்லை. ஒரு மன்னரின் நினைவும், நிலம் பறிகொடுத்தவர்களின் வரலாறும், பன்னிரண்டு ஆட்சிமொழிகளின் செல்வமும் பேசப்படவேண்டிய நாள், கறிக்கடைத் தள்ளுபடி விளம்பரங்களுக்குள் சுருங்கிவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவானதைத் தேடும்போது, எளிதில் விற்கக்கூடியதே பொதுவானது என்று ஆகிவிடும் ஆபத்து உண்டு.

இந்த விவாதத்தில் பலரும் கவனிக்காத ஒரு தமிழ் உண்மை இருக்கிறது. செப்டம்பர் 24 எப்போதும் புரட்டாசியில் விழும். டர்பன் தமிழர்களிடையே புரட்டாசி விரதம் இன்னும் உறுதியாக நிற்கிறது. தமிழைப் பேச மறந்த குடும்பங்கள்கூட அந்த மாதம் முழுவதும் இறைச்சியைத் தொடுவதில்லை. சனிக்கிழமை பெருமாளுக்குப் படையலிடுகிறார்கள். கரும்புத் தோட்டத்து வரிசைக் குடில்களிலிருந்து, பிறகு நிறவாரியாக மக்களைப் பிரித்த குடியிருப்புப் பகுதிச் சட்டம் அவர்களை விரட்டிக் குடியேற்றிய சாட்ஸ்வொர்த் வீடுகள் வரை, அவர்கள் கைவிடாமல் கொண்டுவந்த மரபு அது. மரபு நாளன்று மரபைக் காப்பவர் கறி சுட முடியாது! நாடே ஒன்று சேரும் சடங்கு என்று சொல்லப்படுவது, தன் மூதாதையரை மதிப்பவரை அன்றைக்கே வெளியே நிறுத்திவிடுகிறது.

ஆனால் பல வீடுகள் இதற்கு விடை கண்டுவிட்டன. நெருப்பு உண்டு, கறி இல்லை. மக்காச்சோளக் கதிர், உருளைக்கிழங்கு, மசாலா தடவிய பனீர், தணலில் வாட்டிய ரொட்டி. கூடி நிற்பதும் காத்திருப்பதும் பேசுவதும் அப்படியே இருக்கின்றன. இறைச்சியை எடுத்துவிட்டாலும் பிராய் நிற்கிறது என்பதை விரத வீடுகள் நிரூபிக்கின்றன. அது நெருப்பின் சடங்கு. கறி அதில் வந்து சேர்ந்தது. மற்ற வீடுகள் இதை உணர்ந்தால் செய்யவேண்டியது மிகச் சிறிது: விரதக்காரருக்குத் தனிக் கம்பிவலை, தனி இடுக்கி, நெருப்பின் ஓர் ஓரம். பன்றிக்கறியோ மாட்டுக்கறியோ உண்ணாத விருந்தாளிகளுக்கும் இதுவே பொருந்தும். கறிச்சாறு சொட்டிய வலையில் ஒருவருடைய சோளத்தை வைத்துவிட்டு ஒற்றுமையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

யார் சமைத்தது?

பிராய் பெரும்பாலும் ஆண்களின் காரியம். விறகு அடுக்குவதும் தீ வைப்பதும் இடுக்கி பிடிப்பதும் வீட்டு ஆண். வேறொருவர் இடுக்கியைத் தொடுவது மரியாதைக் குறைவு என்றே கருதுகிறார்கள். அடுப்படிப் பக்கமே வராத ஆண்களை இந்த வழக்கம் சமையலுக்கு இழுத்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஒரு சிறுவன் தந்தையிடமிருந்து கற்கும் முதல் சமையல் பல வீடுகளில் இதுவே.

ஆனால் முதல்நாள் இரவே கறியைக் கழுவி, மசாலா அரைத்து ஊறவைத்தவர் யார்? களி கிண்டியவர், உருளைக்கிழங்கு வேகவைத்தவர், வெங்காயம் நறுக்கியவர், கொழுப்புப் பிசுக்குப் படிந்த தட்டுகளைக் கடைசியில் துலக்கியவர் யார்? பல வீடுகளில் மனைவி அல்லது தாய். வசதியான வீடுகளில் வேலைக்கு வரும் பெண். பாராட்டு முழுவதும் இடுக்கி பிடித்தவருக்குப் போகிறது. காத்திருப்பின் ஓய்வை மேலே புகழ்ந்தேன். அந்த ஓய்வு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. முற்றத்தில் ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும் அதே ஒரு மணி நேரம்தான் அடுக்களையில் வேலை மிகுந்த நேரம்.

இந்தக் குறை நெருப்பின் இயல்பிலிருந்து வந்ததில்லை. எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவரலாம். நறுக்குவதையும் பிசைவதையும் நெருப்பருகே வைத்துச் செய்யலாம். பெண்கள் இடுக்கி பிடிக்கலாம். ஆண்கள் பாத்திரம் துலக்கலாம். இப்படிச் செய்யும் இளம் குடும்பங்கள் இன்று அங்கே இருக்கின்றன. அவர்களுடைய பிராயில் சுவை எதுவும் குறைந்துவிடவில்லை.

புகையின் கணக்கு

திறந்தவெளிச் சமையலின் எரிச்சல்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. எங்கே போய் நின்றாலும் புகை நம் முகத்துக்கே வருவதுபோல் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. நெருப்பு எல்லாப் பக்கமிருந்தும் காற்றை இழுக்கிறது. நாம் நிற்கும் பக்கத்தில் உடல் மறைப்பதால் அங்கே காற்றுவரத்து குறைகிறது. புகை அந்தப் பக்கம் சாய்கிறது. கேப் டவுனில் கோடைகாலத் தென்கிழக்குக் காற்று சுவாலையைத் தட்டையாக்கிப் பொறியை வாரி இறைக்கும். ஜோகன்னஸ்பர்க்கில் கோடை மாலைகளில் இடியோடு கொட்டும் மழை, பாதி வெந்த கறியோடு எல்லோரையும் வீட்டுக்குள் விரட்டும். இவை சகித்துக்கொள்ளக்கூடியவை. நண்பர்கள் பின்னாளில் நினைத்துப் பேசுவதும் பெரும்பாலும் இவற்றைத்தான்.

சகிக்கக்கூடாதவை வேறு. கடற்கரையில் சுட்டுவிட்டுக் கங்கை மணலால் மூடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மணலுக்கடியில் கங்கு பல மணி நேரம் அணையாது. மேலே பார்த்தால் வெறும் மணல். அதில் கால் வைத்து வெந்துபோவது பெரும்பாலும் குழந்தைகள். தண்ணீர் ஊற்றி முழுதாக அணைப்பதே வழி. குளிர்கால இரவில் கங்குள்ள தகரத்தை வீட்டுக்குள் எடுத்துவந்து குளிர்காய்ந்து, மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடால் தூக்கத்திலேயே இறந்துபோகும் குடும்பங்களின் செய்தி அங்கே குளிர்காலத்தில் வருவதுண்டு. காய்ந்த புல்வெளிக்குப் பொறி பறந்தால் மலையே எரியும். அதற்காகவே 1998-இன் காட்டுத்தீச் சட்டம், அபாய நாள்களில் திறந்தவெளி நெருப்பைத் தடை செய்ய வழி செய்திருக்கிறது. அந்த நாள்களில் நெருப்பு மூட்டாமல் இருப்பதும் பிராய் தெரிந்தவரின் தகுதியே.

உடல்நலக் கேள்வியையும் தட்டிக்கழிக்கக் கூடாது. கொழுப்பு கங்கில் சொட்டி எழும் புகையிலும் கருகிய பகுதிகளிலும் புற்றுநோயைத் தூண்டக்கூடிய சேர்மங்கள் உண்டாகின்றன. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் வகையிலும், சிவப்பு இறைச்சியை உண்டாக்கும் வாய்ப்புள்ள வகையிலும் சேர்த்தது. எப்போதாவது சாப்பிடுபவர் அஞ்சத் தேவையில்லை. வாரந்தோறும் சாப்பிடுபவர் கணக்குப் பார்க்க வேண்டும். கறியை ஊறவைப்பது, அடிக்கடி திருப்புவது, சுவாலை படாமல் வைப்பது, கருகியதை வெட்டி எறிவது எல்லாம் ஆபத்தைக் குறைக்கும். நல்ல சுடுகாரர்கள் சுவைக்காகச் செய்வதும் இவற்றையே.

புகையில் நீதிக் கேள்வியும் இருக்கிறது. நகரியங்களிலும் கிராமங்களிலும் விறகையும் நிலக்கரியையும் எரித்து அன்றாடம் சமைக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. நம் ஊர்களில் விறகடுப்பை ஊதி ஊதிக் கண்ணும் நெஞ்சும் கெட்ட தாய்மார்களை நாம் அறிவோம். ஒருவருக்கு வாரக்கடைசி மகிழ்ச்சியாக இருப்பது இன்னொருவருக்குத் தப்பமுடியாத தினசரித் துன்பம். மகிழ்ச்சிக்காகப் புகை மூட்டுபவர், அடுக்குமாடியில் அடுத்த வீட்டில் மூச்சிரைப்பு நோயாளி இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வதாவது கடமை.

எந்த மரம் எரிகிறது?

பிராய் பிரியர்கள் விறகைப் பற்றி விரிவாகப் பேசுவார்கள். ஆனால் சூட்டையும் மணத்தையும் மட்டுமே பேசுவார்கள். எந்த நிலத்திலிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. இந்த வழக்கம் கேடாக அமைவதும் நன்மையாக அமைவதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

கலஹாரி வறண்ட நிலத்து ஒட்டகமுள் மரத்தின் கங்கு நெடுநேரம் கனன்று நிற்கும் என்று அதற்கு மதிப்பு அதிகம். மிக மெதுவாக வளரும் மரம் அது. அதன் நிழலில் ஆடுமாடும் மானும் ஒதுங்கும், நெற்றைத் தின்னும், தூக்கணங்குருவி இனத்துப் பறவைகள் வைக்கோல் போர் அளவுக்குக் கூட்டுக்கூடு கட்டும். அந்த மரம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. ஒரு மாலை நேர விருந்துக்கு அதை எரிப்பது எந்தச் சுவையாலும் நியாயமாகாது.

மாறாக, கேப் மணற்குன்றுகள் நகராமல் பிடித்து நிறுத்த 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த ரோய்க்ரான்ஸ் என்ற வேலமர வகையும், அங்கிருந்தே வந்த கறுப்பு வாட்டில் போன்றவையும் இன்று அந்நிலத்தின் சொந்தத் தாவரங்களை நெருக்கி அழிக்கின்றன, ஓடைநீரை உறிஞ்சுகின்றன. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளை விழுங்கிய வாட்டில் மரங்களும் இந்தக் குடும்பமே. 1995-இல் தென்னாப்பிரிக்க அரசு தொடங்கிய நீர் காக்கும் திட்டம், வேலையற்றவர்களுக்குக் கூலி கொடுத்து இவற்றை வெட்டுகிறது. ரோய்க்ரான்ஸ் அருமையான பிராய் விறகு. அதை வாங்கி எரிப்பவர் ஆற்றுக்கு நீர் விடுகிறார்.

நமீபியாவிலும் இதே நிலை. மேய்ச்சல் மிகுந்துபோனதால் கோடிக்கணக்கான ஏக்கர் புல்வெளியை முட்புதர் மூடிவிட்டது. அவற்றில் ஒன்று நம் கரிசல் காட்டிலும் வளரும் விடத்தேரை. புதரை வெட்டிக் கரி சுட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். நிலத்துக்கு அது நல்லது. ஆனால் சூளையருகே தகரக் கொட்டகையில் தங்கி, எடைக்கணக்கில் கூலி வாங்கி, கரித்தூளை மூச்சாக இழுக்கும் தொழிலாளியின் வாழ்வு நல்லதாக இல்லை. கரிப்பையை வாங்குபவர் மரத்தைப் பற்றிக் கேட்கும்போது மனிதரைப் பற்றியும் கேட்க வேண்டும்.

தீர்ப்பு

பிராயை விட்டுவிடச் சொல்லும் வாதங்கள் எனக்கு ஏற்பில்லை. சமைப்பதும் உண்பதும் பேசுவதும் ஒரே இடத்தில் நடக்கும் சந்தர்ப்பங்கள் நகர வாழ்வில் அருகிவிட்டன. அறியாதவர்கள்கூடக் கூசாமல் வந்து நிற்கக்கூடிய இடங்களோ இன்னும் அரிது. பூங்காவையும் கடலையும் நிறம் பார்த்துப் பூட்டிவைத்திருந்த நாட்டுக்கு அந்த இடத்தின் மதிப்பு நன்றாகத் தெரியும்.

இறைச்சியின் பதத்தை மட்டும் வைத்து அதை மதிப்பிடுவதும் எனக்கு ஏற்பில்லை. நெருப்பு அபாய நாளில் அணைந்திருந்ததா. வெளியிலிருந்து வந்து நிலத்தைக் கெடுக்கும் மரம் எரிந்ததா, காக்கவேண்டிய மரம் எரிந்ததா. விரதம் இருந்தவர் தயங்காமல் தட்டை நீட்டினாரா. வேலை செய்த எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்களா. கிளம்பும்போது கங்கில் தண்ணீர் விழுந்ததா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்கு நல்ல விடை தரும் பிராய், கறி சற்றுக் கருகியிருந்தாலும் சிறந்த பிராய். இவற்றில் தவறியது, கறி எவ்வளவு பதமாக வெந்திருந்தாலும், பிறர் செலவில் நடந்த விருந்து. டர்பனில் புரட்டாசி மாதம் கறியில்லாமல் தணல் மூட்டும் குடும்பங்கள், வட்டத்தை அகலமாக்க நெருப்பைச் சிறிதாக்க வேண்டியதில்லை என்று காட்டிவிட்டன. மற்றவர்களும் அவர்களிடம் கற்கலாம்.